டேங்க் மூடி யார் வாங்குவது?

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மொட்டை மாடி. போன மே மாதம், காலை பதினொன்று மணி வெயில். ஆயிரம் லிட்டர் கறுப்பு டேங்க். மூடி இருக்க வேண்டிய இடத்தில் வளைந்த தகரம், அது பறக்காமலிருக்க மேலே ஒரு செங்கல். கீழே எட்டுக் குடித்தனம். ஐந்தாம் வீட்டுக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். தகரத்தை நகர்த்தி டார்ச் அடித்தேன். அடி வரை தெரிகிற தெளிந்த தண்ணீர். சுவரோரமாக, அரிசி மணியில் பாதி நீளத்துக்குச் சாம்பல் நிறக் குச்சிகள் தண்ணீரின் மேல் மட்டமாகப் படுத்திருந்தன. என் தலை நிழல் விழுந்ததும் விலுக்கென்று துள்ளிக் கீழே இறங்கின. அசையாமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக மேலே வந்து மறுபடி படுத்துக்கொண்டன. கொசுப் புழு.

கீழே இறங்கி வந்தால், இரண்டாம் வீட்டு வாசலில் ஒரு பையன் கம்பளி போர்த்திப் படுத்திருக்கிறான். மே மாதத்தில் கம்பளி. பல் கிட்டிக்கொண்டு நடுங்குகிறான். அவன் அம்மாவிடம், "அக்கா, நேத்து எப்படி இருந்தான்?" என்று கேட்டேன்.

"நேத்து நல்லா ஓடியாடினுதான் இருந்தான் தம்பி. முந்தாநாள் இதே மாதிரி தூக்கித் தூக்கிப் போட்டுச்சு."

"இன்னிக்கே கூட்டினு போய் ரத்த டெஸ்ட் எடுத்துடுங்கக்கா."

பைப்பு பார்க்க வந்தவனுக்கு எதற்கு வைத்தியம் என்பது போலப் பார்த்தார். ஆனால் அந்த மலேரியாக் குளிர் எனக்குத் தெரியும். மூன்று முறை பட்டவன்.

முதல் முறை 1995. எனக்குப் பதினோரு வயது. கொருக்குப்பேட்டையில் ரயில்வே லைனை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட லைன் வீடு. நைனா குட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குவார். அம்மா பூ கட்டுவார். காய்ச்சல் வந்த அன்று முதலில் உள்ளங்கால் சில்லிட்டது, பிறகு எலும்புக்குள் ஐஸ் ஊற்றியது போல ஒரு நடுக்கம். வீட்டில் இருந்த பழைய புடவை, கோணி எல்லாவற்றையும் போட்டு மூடினார்கள். ஒரு மணி நேரத்தில் அத்தனையையும் உதறித் தள்ளுகிற அளவுக்குச் சூடு. சாயங்காலம் உடம்பு முழுக்க வேர்த்து, பாய் நனைந்து, பசி எடுத்துவிட்டது. ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து உட்கார்ந்து ரசம் சோறு சாப்பிட்டேன்.

தெருமுனையில் ஒரு கிளினிக். ரத்தமெல்லாம் பார்க்கவில்லை, ஒரு ஊசி, மூன்று கலர் மாத்திரை. மறுநாள் காய்ச்சல் இல்லை. "அந்த டாக்டர் கைராசிக்காரர்" என்று அம்மா தெரு முழுக்கச் சொன்னார். அதற்கு அடுத்த நாள் மறுபடி நடுக்கம். மறுபடி ஊசி, மறுநாள் மறுபடி காணோம். இப்படியே எட்டு நாள். சென்னையில் அதிகம் வருகிற வைவாக்ஸ் மலேரியா ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தூக்கிப் போடும். ஊசியே போடாவிட்டாலும் நடுவில் ஒரு நாள் ஓய்வு கொடுக்கும். அந்த ஓய்வு நாளுக்குத்தான் நாங்கள் காசு கொடுத்துக்கொண்டிருந்தோம்.

கடைசியில் பக்கத்து வீட்டு ஆயா சொல்லி ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். விரலில் குத்தி, கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி, மலேரியா என்றார்கள். குளோரோகுயின் மாத்திரை, நாக்கில் பட்டாலே அரை நாள் கசக்கும். அது முடிந்ததும் இன்னொரு சின்ன மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடச் சொல்லி ஒரு பொட்டலம். காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டுவிட்டது. சின்ன மாத்திரை வயிற்றைப் பிசைந்தது. எங்கள் வீட்டில் காலையில் வெறும் டீதான். வெறும் வயிற்றில் போட்டால் அது பிசையத்தான் செய்யும். "ஜுரம்தான் போயிடுச்சே, அப்புறம் எதுக்கு வயித்தைப் புண்ணாக்கிக்கிற?" என்று மீதிப் பொட்டலத்தை அம்மா முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். தம்பிக்கு வந்தால் உதவும் என்று கணக்கு.

இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தது. அப்போது இதை யாரும் எங்களுக்கு விளக்கவில்லை. கொசு மறுபடி கடித்துவிட்டது என்றுதான் நினைத்தோம். வைவாக்ஸ் கிருமி ரத்தத்தில் செத்தாலும் ஈரலில் ஒரு பங்கு தூங்கிக்கொண்டிருக்கும். வாரங்கள், மாதங்கள் கழித்துக்கூட எழுந்து வரும். குளோரோகுயின் ரத்தத்தில் இருப்பதைத்தான் கொல்லும். தூங்குவதைக் கொல்லத்தான் அந்தச் சின்ன மாத்திரை, பிரைமாகுயின். அது முருகன் படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது.

இரண்டு முறைக்கும் சேர்த்து நைனாவுக்குப் பதினேழு நாள் வேலை போனது. எனக்குக் காய்ச்சல் என்றால் அவருக்கு ஏன் வேலை போகிறது? அம்மா மட்டும் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் தம்பியை யார் பார்ப்பது, குழாயடியில் யார் நிற்பது? ஒரு நாளைக்கு எழுபது ரூபாய் கூலி. போகாத நாளுக்கு எவனும் கொடுக்க மாட்டான். தண்டல் வாங்கினார். இரண்டாயிரம் என்று எழுதிக்கொண்டு கையில் ஆயிரத்து எழுநூறு கொடுப்பார்கள்; தினம் இருபது வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். தண்டல்காரர் சாயங்காலம் சரியாக ஆறு மணிக்குச் சைக்கிளில் வருவார். அந்த நூறு நாளில் எங்கள் வீட்டில் மீன் வாங்கிய ஞாபகம் எனக்கு இல்லை, காசிமேடு கூப்பிடு தூரத்தில் இருந்தும். அந்த வருடம்தான் நான் ஆறாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டேன். மலேரியாவால் ஒரு குடும்பம் ஏழையாவதும், ஏழையாக இருப்பதால் மலேரியா விடாமல் பிடித்துக்கொள்வதும் கயிறு திரிக்கிற மாதிரி ஒன்றுக்குள் ஒன்று. எது முதல் இழை என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கொசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் தெருவே ஒரே திசையில் கையைக் காட்டும்: கால்வாய். பக்கிங்காம் கால்வாய், ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய் என்று வடசென்னையில் கறுப்புத் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. சாயங்காலம் ஆனால் காதுக்குள் ங்கொய் என்று கூட்டமாக வருவது அந்தச் சாக்கடைக் கொசுதான், மறுக்கவில்லை. ஆனால் அது யானைக்கால் நோய் பரப்புகிற ரகம். மலேரியாவைப் பரப்புகிற அனாபிலிஸ் ஸ்டெபன்சைக்குச் சாக்கடை பிடிக்காது. அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். மாடி டேங்க், கிணறு, சம்ப் என்கிற தரைக்கடித் தொட்டி, பேரல், கட்டடத்தில் தேங்கிய தண்ணீர். நாம் குடிக்கிற தண்ணீரில்தான் அதுவும் குடித்தனம் நடத்தும்.

இதை எனக்குச் சொன்னவர் எங்கள் தெருவிலேயே இருந்த ஒரு பெரியவர். கொசு ஒழிப்பு வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது உயிரோடு இல்லை. நான் பிளம்பிங் பழகுகிற காலத்தில் ஒரு நாள் ஏணி தேடி அவர் வீட்டுக்குப் போனேன். ஏணியைக் கொடுத்துவிட்டு, "எந்த டேங்குக்குப் போறே? நானும் வரேன்" என்று கூடவே வந்தார். சாக்கடைக் கொசு, டெங்கு கொசு இவற்றின் புழுவுக்கு வால் பக்கம் மூச்சுக்குழாய் உண்டு, அதை மேலே நீட்டித் தலைகீழாகத் தொங்கும். மலேரியாப் புழுவுக்கு அந்தக் குழாய் இல்லை, அதனால் மட்டமாகப் படுத்திருக்கும் என்று டார்ச் அடித்துக் காட்டினார். "தொங்கினா ஒரு கவலை, படுத்தா இன்னொரு கவலை" என்பார்.

அவர் சொன்ன இன்னொன்றுதான் என் மண்டையில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. "புழு வளர்றது வூட்டுக்காரன் டேங்க்ல. ஜுரம் வர்றது குடியிருக்கிறவனுக்கு. மருந்து ஊத்தறதுக்கு நான் வருவேன். மூடி யார்ரா வாங்குவான்?"

யோசித்துப் பாருங்கள். நாங்கள் இருந்த காம்பவுண்டில் ஒரு கிணறு, திறந்தே கிடக்கும். பக்கத்தில் வீட்டுக்காரரின் மாடி, அதில் சிமெண்ட் தொட்டி. எங்களுக்கு மாடிக்குப் போக உரிமை கிடையாது, படிக்கட்டுக் கதவில் பூட்டு. வீட்டுக்காரர் ஜன்னலில் வலை இருந்தது, தலைக்கு மேல் ஃபேன் இருந்தது. நாங்களோ கோடையில் ஆஸ்பெஸ்டாஸ் சூட்டில் உள்ளே படுக்க முடியாமல் வாசலில் பாய் விரித்துப் படுப்போம். பொழுது சாய்ந்த பிறகு கடிக்கிற கொசுவுக்கு இலை போட்டு வைத்த மாதிரி. அவர் வீட்டிலும் காய்ச்சல் வந்ததுண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவருக்கு முதல் நாளே ரத்தப் பரிசோதனை, பால் சோற்றோடு மாத்திரை, ஒரு வாரம் படுத்தால் ஒரு வாரச் சம்பளம். ஒரே கொசு, இரண்டு விதமான நோய்.

மூன்றாவது முறை எனக்கு வந்தது 2004. இருபது வயது, மேஸ்திரிக்குக் கையாளாக இருந்தேன். 2003-04 வறட்சியை வடசென்னைக்காரர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. புழல் ஏரி பக்கத்திலேயே இருக்கிறது, எங்கள் குழாயில் காற்றுதான் வந்தது. லாரி வருகிற நேரம் தெரியாமல் குடங்களைக் கயிற்றில் கோர்த்து வரிசையில் போட்டுவிட்டு ராத்திரி முழுக்கத் தெருவிலேயே உட்கார்ந்திருப்பார்கள். போர் போட்டால் உப்பு. சில தெருக்களில் எண்ணெய் வாடை. அதனால் கிடைக்கிற தண்ணீரை எதில் பிடிக்க முடியுமோ அதிலெல்லாம் பிடித்தோம். நீல டிரம், பெயின்ட் டப்பா, அண்டா, குழந்தையைக் குளிப்பாட்டுகிற தொட்டி. வசதியுள்ளவர்கள் சம்ப் வெட்டினார்கள். என் மேஸ்திரிக்கு அந்த வருடம் நல்ல வருமானம். தண்ணீர் இல்லாத ஊரில் கொசு எப்படி வரும் என்று கேட்பவர்களுக்கு: வாரக்கணக்கில் வைத்துக் காப்பாற்றும் தண்ணீரில்தான் வரும். தினமும் குழாயில் வந்தால் எவன் டிரம்மில் பிடித்து வைப்பான்? நம் ஊர்ச் சூட்டில் முட்டை கொசுவாக எட்டிலிருந்து பத்து நாள் போதும். எங்கள் டிரம்மின் அடித்தண்ணீருக்கு வயது அதைவிட அதிகம். யாருக்கும் அதைக் கொட்ட மனசு வராது, வரவும் கூடாது.

அதனால்தான் எனக்கு ஒரு விஷயத்தில் மாறாத அபிப்பிராயம் உண்டு. வளர்ச்சி வந்தால் மலேரியா போகும் என்பது பாதி உண்மை. பாதி வளர்ச்சி வந்தால் மலேரியா வரும். குளத்தையும் வயலையும் நம்பி இருந்த கிராமத்துக் கொசு வேறு; இந்த ஸ்டெபன்சை டேங்க் கட்டிய பிறகு கொழுத்த கொசு. பைப் லைன் போட்டு, அதில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் விட்டால், ஊர் முழுக்க டேங்க் முளைக்கும். டேங்க் இருந்து மூடி இல்லையென்றால் அது கொசுப் பண்ணை. 2012-ல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் இதே கொசுவைக் கண்டுபிடித்தார்கள். அங்கேயும் வேகமாக வளர்கிற ஊர்களில்தான், சேமித்து வைத்த தண்ணீரில்தான் பரவிக்கொண்டிருக்கிறது.

பெரியவர் வேலைக்குச் சேர்ந்த காலத்துக் கதைகளைச் சொல்லும்போது குரல் மாறிவிடும். சுதந்திரம் வாங்கிய சமயத்தில் வருடத்துக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா, எட்டு லட்சம் சாவு என்று கணக்கு. 1953-ல் தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டம், 1958-ல் அதை ஒழிப்புத் திட்டமாக மாற்றினார்கள். கிராமங்களில் சுவருக்குச் சுவர் டிடிடி பூச்சிமருந்து. 1965 வாக்கில் நாடு முழுக்க ஒரு லட்சம் பேர் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. ஒழிந்தே விட்டது என்று எல்லாரும் நம்பினார்கள். 1976-ல் 64 லட்சம்! "சுவத்துல மருந்து அடிச்சோம், சுவத்துக்குள்ள இருக்கிறவன் நிலைமை அப்படியேதானே இருந்துச்சு" என்பார். மருந்துக்குக் கொசு பழகியது, கவனம் தளர்ந்தது, பணம் குறைந்தது என்று காரணங்கள் பல. நகரங்களுக்கு டிடிடி சரிப்படாது, புழுவைத்தான் கொல்ல வேண்டும் என்று 1971-ல் நகர்ப்புற மலேரியாத் திட்டம் வந்தது. டேங்க் டேங்காக ஏறி மருந்து ஊற்றுகிற வேலை. அவர் முழங்கால் தேய்ந்தது அதில்தான்.

அதே சமயம், வசதி என்றால் பணம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இலங்கையைப் பாருங்கள். 1963-ல் அங்கே மொத்தமே 17 பேருக்குத்தான் மலேரியா. கண்காணிப்பைத் தளர்த்தினார்கள், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. பிறகு இத்தனை வருடப் போருக்கு நடுவிலும் காய்ச்சல்காரர்களைத் தேடிப் பிடிப்பதை விடவில்லை. 2012-க்குப் பிறகு உள்ளூர்த் தொற்று இல்லை, 2016 செப்டம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்று கொடுத்தது. பணக்கார நாடு இல்லை. ஆனால் இலவச மருத்துவம் நடக்கிற தூரத்தில் இருந்தது, பெண்கள் படித்திருந்தார்கள், காய்ச்சல் என்றால் ரத்தம் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. சான்று வாங்கிய சூட்டோடு மன்னாரில் நம் மாடிக் கொசுவைக் கண்டுபிடித்ததாகப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

எங்கள் பக்கமும் மாறித்தான் இருக்கிறது. 2010-ல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, நாளைக்கு 10 கோடி லிட்டர். குழாயில் தண்ணீர் வரும் என்ற நம்பிக்கை வந்த தெருக்களில் நீல டிரம்கள் பழைய இரும்புக் கடைக்குப் போவதை நானே பார்த்தேன்; இரண்டு வாங்கி என் சிமெண்ட் சாமான் போட்டு வைத்திருக்கிறேன். ஆஸ்பெஸ்டாஸ் போய் காங்கிரீட் வந்தது, ஜனங்கள் உள்ளே படுக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரலில் குத்தினால் இருபது நிமிடத்தில் முடிவு சொல்கிற கிட் வந்துவிட்டது. என் மகளுக்குப் பதினான்கு வயது, மலேரியா என்றால் பாடப்புத்தகத்தில் வருகிற படம்தான் அவளுக்கு. 1897 ஆகஸ்ட் 20-ல் ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்டுபிடித்தார் என்று ஒப்பிக்கிறாள். அவள் அப்பன் வயிற்றில், சரி, ஈரலில் இருந்ததை நம்பவே மாட்டேன் என்கிறாள்.

ஆனால் போகாத இடம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. கட்டட சைட்.

2018-ல் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் பைப் வேலை எடுத்திருந்தேன். லிஃப்டுக்கு வெட்டிய குழியில் தண்ணீர், தளத்தில் கியூரிங்குக்குப் பாத்தி கட்டிய தண்ணீர். (சிமெண்டைப் பதப்படுத்த நிறுத்துகிற தண்ணீரை நாங்கள் 'கியூரிங்' என்போம், எங்கள் மேஸ்திரி மட்டும் அதைக் 'காய்ச்சல் தண்ணி' என்று கிண்டலாகச் சொல்வார்.) அதன் பக்கத்திலேயே தகர ஷெட்டில் ஒடிசாப் பையன்கள் படுத்திருப்பார்கள். வலையும் இல்லை, கதவும் இல்லை. அதில் ஒருவன் எனக்கு உதவிக்கு வந்தவன். ஒரு நாள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நானே பைக்கில் வைத்துக் கூட்டிப் போய்ப் பார்த்தேன். வைவாக்ஸ். மூன்று நாள் மாத்திரை போட்டான், காய்ச்சல் விட்டது, நான்காம் நாள் வேலைக்கு வந்துவிட்டான். படுத்தால் கூலி கட். பிரைமாகுயின் பட்டை தீராமல் இருக்கும்போதே அவனை வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஐந்து வாரம் கழித்துப் போன் பண்ணினான், "பையா, ஃபிர் ஸே". மறுபடி வந்துவிட்டதாம். எனக்கு முருகன் படம் ஞாபகம் வந்தது.

என் தப்பு அதில் உண்டு. கூட்டிப் போனதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். அதிலிருந்து என்னிடம் வேலை செய்கிற யாருக்கு மலேரியா என்று சீட்டு வந்தாலும் ஐந்து நாள் கூலி நான் கொடுக்கிறேன். பெரிய தர்மம் ஒன்றும் இல்லை, மூன்று பேர்தான் என்னிடம் இருக்கிறார்கள். ஒருவன் பாதியில் விட்டால் மற்ற இருவருக்கும் பரவும், வேலை நிற்கும். காலையில் டீக்கடையில் இட்லி வாங்கிக் கொடுத்து என் கண் முன்னால் மாத்திரை போடச் சொல்கிறேன். சைட் சுவரில் பென்சிலால் ஒரு கோடு. பதினான்கு கோடு ஆனால் சரி.

பிரைமாகுயின் எல்லாருக்கும் ஒத்துவராது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜி6பிடி என்ற நொதி ரத்தத்தில் குறைவாக உள்ளவர்களுக்கு அது ரத்த அணுக்களை உடைத்துவிடும். மாத்திரை போட ஆரம்பித்த பிறகு சிறுநீர் கறுப்பு டீ மாதிரி போனாலோ கண் மஞ்சளானாலோ உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் கொடுக்கக் கூடாது. அதனால் பக்கத்து வீட்டில் மீந்த பட்டையை வாங்கிப் போடுகிற வேலை வேண்டாம். இன்னொன்று, வெளிமாநிலத்திலிருந்து வந்தவருக்கு ஃபால்சிபாரம் என்ற ரகம் இருக்கலாம். அது மூளைக்கு ஏறிவிடலாம். காய்ச்சலோடு பேச்சு குழறினால், வலிப்பு வந்தால், மூச்சு வாங்கினால் நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது.

இனி என் தொழில் சம்பந்தப்பட்டது. பிளாஸ்டிக் டேங்க் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் இங்கே எல்லாருக்கும் சிண்டெக்ஸ்தான். டேங்க் பதினைந்து வருடம் உழைக்கும், மூடி உழைக்காது. வெயிலில் காய்ந்து நாலைந்து வருடத்தில் மரை நொறுங்கிவிடும். 2016 டிசம்பர் வர்தா புயலில் பறந்த மூடிகள் எத்தனையோ, அதற்குப் பதில் தகரம் வைத்தவர்கள் பலர் இன்னும் தகரத்தோடே இருக்கிறார்கள். புது மூடி போட்டால் டேங்கின் காதில் ஓட்டை போட்டு ஒரு நைலான் கயிற்றால் கட்டிவிடுங்கள், காற்றுக்கு அந்தப் பக்கம் போகாது.

மூடி போட்டும் புழு இருக்கிறது என்று என்னைக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. பத்தில் பாதி வீட்டில் காரணம் ஓவர்ஃப்ளோ குழாய். ஒரு இஞ்சு வாய், திறந்தே இருக்கும், கொசுவுக்கு ராஜ வாசல். கொசுவலைத் துணியை இரண்டாக மடித்து வாயில் சுற்றிக் கம்பியால் இறுக்கினால் போதும், பத்து ரூபாய்ச் செலவு. வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், இல்லையென்றால் பாசி அடைத்துக்கொண்டு தண்ணீர் மூடி வழியாக வழியும். ஃப்ளோட் வால்வுக்குப் போட்ட ஓட்டை பெரிதாக இருந்தால் அதைச் சுற்றி எம்-சீல் என்கிற அடைப்புப் பசை. சம்புக்குக் காங்கிரீட் பலகையை அரைகுறையாக மூடி வைப்பதும் மோசம்தான். உள்ளே இருட்டு, குளிர்ச்சி, காற்றில்லை, கொசுவுக்கு ஏசி ரூம். கிணறு இருந்தால் வலை. வலை போட முடியாவிட்டால் கப்பி மீனோ கம்பூசியா மீனோ விடலாம், புழுவைத் தின்றுவிடும். டிரம்மை வாரத்துக்கு ஒரு நாள் கவிழ்த்துத் தேய்த்துக் காய வையுங்கள். தண்ணீரைக் கொட்ட வேண்டாம், அந்தத் தண்ணீரில் துணி துவையுங்கள். அந்த ஒரு நாளை வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொண்டால் மறக்காது, எப்படியும் வீடு கழுவுகிற நாள்.

ஏணி. இதை யாரும் யோசிப்பதில்லை. டேங்குக்கு ஏற நிலையான ஏணி இல்லாத வீட்டில் அந்த டேங்கை யாரும் பார்க்கவே மாட்டார்கள், நீங்களும் பார்க்க மாட்டீர்கள், மருந்து ஊற்ற வருகிறவரும் பார்க்க மாட்டார். மாடிக் கதவைப் பூட்டிச் சாவியைத் தாம்பரத்தில் இருக்கும் மகன் வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஊற்றுகிற மருந்தால் தண்ணீர் கெட்டுவிடும் என்று விரட்டுகிறவர்களும் உண்டு. குடிநீரில் அளவோடு போட அனுமதி பெற்ற மருந்துதான் அது. ஆனால் மூடி இருந்தால் அந்த மருந்தே தேவையில்லை என்பதும் உண்மை.

உள்ளூர்த் தொற்று 2027-க்குள் பூஜ்யம், 2030-க்குள் ஒழிப்பு என்று அரசாங்கம் இலக்கு வைத்திருக்கிறது. நடக்கலாம். நாடு முழுக்க நோய் வெகுவாகக் குறைந்திருப்பது உண்மை. ஆனால் நான் ஏறுகிற மாடிகளில் கணக்கு வேறு மாதிரி ஓடுகிறது.

பழைய வண்ணாரப்பேட்டைக்கு வருவோம். அந்தப் பையனுக்கு மலேரியாதான். அவன் அம்மாவே போன் செய்தார், பதினான்கு நாளும் விடாமல் கொடுத்தாராம். நான் மூடி விஷயத்தை விடவில்லை. வீட்டுக்கார அம்மாவிடம் போனேன்.

"மூடி இன்னா ரேட்டு தம்பி?"

"இருநூத்தி எண்பதும்மா. ஃபிட்டிங் சார்ஜ் வேணாம்."

"தண்ணி புடிக்கிறது அவங்க. எட்டு வீடு இருக்கு. ஆளுக்கு முப்பத்தஞ்சு கொடுக்கச் சொல்லு."

வீடு வீடாகப் போனேன். இரண்டாம் வீட்டு அக்கா எழுபது எடுத்து நீட்டினார், முப்பத்தைந்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஒருவர் டீத்தூள் டப்பாவைக் கவிழ்த்துச் சில்லறை எண்ணிக் கொடுத்தார். எட்டாம் வீட்டில் ஒரு பாட்டி கதவைத் திறக்காமலே கேட்டார்:

"எங்க வூட்டு டாங்குக் குழா ரெண்டு வருஷமா வேலை செய்யல. நான் அடி பம்புல அடிச்சுதான் குடிக்கிறேன். மூடிக்கு நான் இன்னாத்துக்குத் துட்டு தரணும்?"

சரியான கேள்வி. மூடியைப் போட்டுக் கயிறு கட்டிவிட்டு வந்தேன். அந்த முப்பத்தைந்து ரூபாய் என் நோட்டில் இன்னும் பாக்கியாக இருக்கிறது. பாட்டியின் குழாயைச் சரி செய்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். அதற்கு எல்போ ஒன்றும் ஆறடிப் பைப்பும் வேண்டும், அதை யார் வாங்குவது என்று வீட்டுக்கார அம்மாவிடம் இன்னும் பேசவில்லை.